வள்ளம் இறங்க மறுத்தால்: அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

இராமநாதபுரம் கரையில் வள்ளம் இறக்குவதை ஒரே வேலையாக நினைத்துவிடக் கூடாது. தொண்டி, தேவிபட்டினம், மண்டபம் வடக்கு என்று பாக் விரிகுடாவைப் பார்த்த வடகடல் கரையில் சேறும் கடற்புல்லும் கலந்த தட்டைத் தரை. வெகுதூரம் நடந்தாலும் தண்ணீர் இடுப்பைத் தாண்டாது. புதுமடம், பெரியபட்டினம், கீழக்கரை, ஏர்வாடி, வாலிநோக்கம், மூக்கையூர் என்று நீளும் தென்கடல் கரையில் மணலும், இடையிடையே பாரும் (கடலடிப் பாறைத் திட்டு), தென்மேற்குக் காற்று அடிக்கும் கச்சான் காலத்தில் மடிந்து விழும் அலையும். ஒரு கரையில் சரியாக வேலை செய்யும் முறை மறு கரையில் வள்ளத்தை உடைக்கும். அதனால் ஒவ்வொரு அறிகுறிக்கும் எந்தக் கரை என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

இங்கே சொல்வது 20 முதல் 28 அடி வரையுள்ள ஃபைபர் வள்ளத்துக்கும், பின்பலகையில் மாட்டும் 8 முதல் 10 குதிரைத்திறன் வெளி எஞ்சினுக்கும் பொருந்தும். வள்ளம் நகரவில்லை என்றால் இன்னும் நாலு பேரைக் கூப்பிடுவதும், எஞ்சின் பற்றவில்லை என்றால் கயிற்றை இன்னும் இருபது தடவை வலிப்பதும்தான் கரையில் அதிகம் நடக்கிற தவறு. விசையைக் கூட்டும் முன் காரணத்தைக் கண்டுபிடியுங்கள். பெரும்பாலான காரணம் வள்ளம் தண்ணீரைத் தொடுவதற்கு முன்பே கரையில் உண்டானதாக இருக்கும்.

பாம்பன் துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றிய நாளில் இதில் எதையும் முயல வேண்டாம். வள்ளத்தை இன்னும் மேலே ஏற்றிக் கட்டுங்கள்.

எத்தனை பேர் தள்ளினாலும் வள்ளம் அசையவில்லை

முதலில் அமரத்தையும் (வள்ளத்தின் பின்பக்கம்) ஏராவையும் (அடியில் நீளவாக்கில் ஓடும் முதுகெலும்பு) குனிந்து பாருங்கள். இரவு முழுவதும் ஈர மணலில் கிடந்த வள்ளத்தின் ஏரா இரண்டு மூன்று விரல் அளவு புதைந்திருக்கும். மணல் ஏராவின் இரு பக்கமும் ஒட்டி, தண்ணீர் வடிந்து, சிமெண்ட் பூசியதுபோல இறுகியிருக்கும். இந்தப் பிடியை நேராகத் தள்ளி உடைக்க முடியாது. அணியத்தில் (முன்பக்கம்) இரண்டு பேர், அமரத்தில் இரண்டு பேர் நின்று வள்ளத்தை இடம் வலமாக ஆட்டுங்கள். ஐந்தாறு ஆட்டத்தில் ஏராவுக்கும் மணலுக்கும் நடுவே காற்றும் தண்ணீரும் புகும். "சளக்" என்று ஒரு சத்தம் வந்தால் பிடி விட்டது என்று பொருள். அப்போது தள்ளுங்கள். சத்தம் வராவிட்டால் ஏராவின் இரு பக்கமும் கையால் வாய்க்கால் போலத் தோண்டி, வாளித் தண்ணீர் ஊற்றி, மறுபடி ஆட்டுங்கள்.

பிடி விட்டும் நகரவில்லை என்றால் உருட்டுக்கட்டையைப் பாருங்கள். கட்டை உருள்கிறதா, மணலுக்குள் அமிழ்கிறதா? இளகிய மணலில் கட்டை அமிழ்ந்தால் அது வள்ளத்துக்குத் தடைக்கல்லாகிவிடும். கட்டைக்கு அடியில் நீளவாக்கில் இரண்டு பலகை போட்டால் கட்டை பலகைமேல் உருளும். பலகை இல்லாத இடத்தில் பச்சைப் பனைமட்டையைக் குறுக்காக, ஒரு முழத்துக்கு ஒன்று வீதம் பரப்பி, தண்ணீர் தெளித்தால் போதும்; வள்ளம் அதன்மேல் வழுக்கி ஓடும். மட்டையின் கருக்கு கையைக் கிழிக்கும், செதுக்கிவிட்டுப் போடுங்கள்.

மூன்றாவது காரணம் பாரம். எஞ்சின் 40 கிலோ அளவு. 25 லிட்டர் எரிபொருள் கேன் இரண்டு என்றால் கிட்டத்தட்ட இன்னொரு 40 கிலோ. ஐஸ், வலை, நங்கூரம் எல்லாம் ஏற்றியபின் தள்ளுவதைவிட, வெறும் வள்ளத்தை முழங்கால் தண்ணீருக்குக் கொண்டுபோய் மிதக்கவிட்டு, பிறகு ஏற்றுவது மேல். வடகடல் பக்கம் இதைச் செய்யலாம். தென்கடலில் அலை உள்ள நாளில் செய்யக் கூடாது. அங்கே மிதந்ததும் புறப்பட வேண்டும். ஆகவே பாரத்தைக் கரையிலேயே அடுக்கிக் கட்டிவிட்டு, தள்ளும் ஆளைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

நேற்று மிதந்த இடத்தில் இன்று தரை தட்டுகிறது

இது வள்ளத்தின் பிழை அல்ல, நேரத்தின் பிழை. நம் கரையில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள வித்தியாசம் ஒரு மீட்டரைக்கூட எட்டாது. அதனால் பலர் அதைக் கணக்கில் எடுப்பதே இல்லை. கரையின் சரிவோடு சேர்த்துப் பார்த்தால்தான் அது எவ்வளவு பெரிது என்று தெரியும். 8 அடிக்கு 1 அடி சரியும் கான்கிரீட் சாய்தளத்தில் தண்ணீர் 2 அடி இறங்கினால் 16 அடித் தளம் வெளியே வரும். 100 அடிக்கு 1 அடி மட்டுமே சரியும் வடகடல் தரையில் அதே 2 அடிக்கு 200 அடி தூரம் சேறாகிவிடும்.

அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் தண்ணீர் அதிகம் ஏறி அதிகம் வற்றும். அட்டமியை ஒட்டி அசைவு குறைவு. ஏற்ற நேரம் நாளுக்குச் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். நேற்று காலை 5 மணிக்கு மிதந்தது என்றால் இன்று 6 மணியை ஒட்டிப் பாருங்கள். வற்றத்தில் மாட்டிக்கொண்ட வள்ளத்தை எஞ்சின் போட்டு வெளியே எடுக்க முயலவே கூடாது. வள்ளத்தைத் தள்ளும் எஞ்சின் விசிறி சேற்றைக் கிளறும், அந்தச் சேறு எஞ்சினைக் குளிர்விக்கும் குளிர்நீர்க் குழாய்க்குள் போகும். எஞ்சினைத் தூக்கி வைத்துவிட்டு, ஆட்கள் இறங்கி, கம்பை ஊன்றித் தள்ளுங்கள். அதுவும் முடியாவிட்டால் நங்கூரத்தை ஆழமான பக்கம் நடந்து கொண்டுபோய்ப் போட்டுவிட்டுக் காத்திருங்கள். தண்ணீர் திரும்பும்போது வள்ளம் தானாக அந்தப் பக்கம் திரும்பி நிற்கும்.

சாய்தளத்தில் வள்ளம் கட்டுப்பாடில்லாமல் சறுக்குகிறது

சாய்தளத்தின் மேல்பாதி காய்ந்திருக்கும்; தண்ணீர் ஏறி இறங்கும் பகுதியில் பச்சைப்பாசி படர்ந்திருக்கும். காய்ந்த இடத்தில் வள்ளம் முரண்டும். ஆட்கள் பலம் கொடுத்துத் தள்ள, பாசியில் ஏறியதும் ஒரேயடியாக ஓடும், தள்ளியவர் காலும் சேர்ந்து வழுக்கும். வள்ளத்துக்குக் கீழே, தண்ணீர்ப் பக்கம் ஒருவரும் நிற்கக் கூடாது. மேலேயுள்ள கல்தூணிலோ இரும்பு வளையத்திலோ கயிற்றை இரண்டு சுற்றுச் சுற்றி, நுனியை ஒருவர் பிடித்துக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டால் ஒரே ஆள் முழு வள்ளத்தையும் தாங்கலாம். கயிற்றைக் கையில் சுற்றிப் பிடிக்காதீர்கள். ஓடும் கயிறு விரலை எடுத்துவிடும். பாசியை வாரம் ஒருமுறை வற்ற நேரத்தில் கம்பித் துடைப்பத்தால் தேய்த்து எடுப்பது அந்தத் தளத்தைப் பயன்படுத்தும் எல்லோருடைய வேலை.

டிரெய்லரில் கொண்டுவருபவர்களுக்கு இரண்டு செய்தி. தொலைவிலிருந்து ஓடி வந்த சக்கர பேரிங் சூடாக இருக்கும். அப்படியே உப்புத் தண்ணீருக்குள் இறக்கினால் உள்ளே இருக்கும் சூடான காற்று சுருங்கி, தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். பேரிங் சீக்கிரமே துருப்பிடித்து நின்றுவிடும். கையால் தொட்டுப் பார்த்து, ஆறிய பிறகு இறக்குங்கள். வற்ற நேரத்தில் டிரெய்லரைப் பின்னுக்கு விடும்போது தளம் எங்கே முடிகிறது என்று கம்பால் தட்டிப் பாருங்கள். விளிம்பைத் தாண்டிச் சக்கரம் விழுந்தால் அச்சு தளத்தில் மாட்டிக்கொள்ளும்.

இறக்கியதும் உள்ளே தண்ணீர் ஏறுகிறது

கரையில் கழுவியபோது அமரத்தின் அடியில் உள்ள வடிதுளை அடைப்பைக் கழற்றியிருப்பார்கள். பத்துக்கு எட்டுத் தடவை அதுதான். அடைப்பை ஒரு கயிற்றில் கட்டி, துளைக்குப் பக்கத்திலேயே தொங்கவிடுங்கள். ரப்பர் வளையம் வெடித்திருந்தால் அடைப்பு இருந்தும் ஒழுகும்.

அடைப்பு சரியாக இருந்தால், உள்ளிருக்கும் தண்ணீரை முழுவதும் இறைத்துத் துடைத்துவிட்டு, ஈரம் முதலில் எங்கே ஊறுகிறது என்று பாருங்கள். ஏராவை ஒட்டிய கோட்டில் ஊறினால், பாரிலோ கல்லிலோ இழுத்ததில் விரிசல். பின்பலகையில் எஞ்சின் போல்ட்டைச் சுற்றி ஊறினால், போல்ட் தளர்ந்து துளை அகன்றிருக்கிறது. அவசரத்துக்குத் துணியில் கிரீஸ் தடவி விரிசலில் திணித்துக் கரை சேரலாம். அதோடு தொழிலுக்குப் போகக் கூடாது.

நிரந்தரமாகச் சரிசெய்ய அவசரம் ஆகாது. விரிசலை நல்ல தண்ணீரால் கழுவி, இரண்டு மூன்று நாள் வெயிலில் காயவிடுங்கள். உப்பும் ஈரமும் இருக்கும் இடத்தில் ரெசின் (ஃபைபரை ஒட்டும் பிசின்) பிடிக்காது, ஒரு மாதத்தில் தோலாக உரியும். பிறகு விரிசலின் இரு பக்கமும் கிரைண்டரால் சாய்வாகத் தேய்க்க வேண்டும். ஃபைபரின் கனம் 6 மில்லிமீட்டர் என்றால் சாய்வு ஒரு பக்கத்துக்கு 70 மில்லிமீட்டர் அளவு, அதாவது கனத்தைப்போல் 12 மடங்கு. ஃபைபர் மேட்டை (கண்ணாடி இழை விரிப்பு) சிறியது, பெரியது, அதைவிடப் பெரியது என்று அடுக்கடுக்காக ஒட்டி, ஒவ்வோர் அடுக்கிலும் உருளையால் காற்றுக் குமிழை வெளியே தள்ளுங்கள். 1 கிலோ பாலியெஸ்டர் ரெசினுக்கு, அதை இறுகவைக்கும் கேட்டலிஸ்ட் 10 முதல் 20 மில்லி. நம் வெயிலுக்கு 10 மில்லியை ஒட்டியே போதும். கூட்டினால் கையில் இருக்கும்போதே இறுகிப் புகையும்.

இதில் உயிருக்கு ஆபத்தான தவறு ஒன்று இருக்கிறது. இறுகுவதை விரைவுபடுத்தும் கோபால்ட்டையும் கேட்டலிஸ்ட்டையும் நேருக்கு நேர் கலக்கவே கூடாது, தீப்பற்றும், வெடிக்கும். முதலில் கோபால்ட்டை ரெசினில் ஊற்றி நன்றாகக் கலக்கிவிட்டு, அதன் பிறகே கேட்டலிஸ்ட். கோபால்ட் முன்பே கலந்து விற்கும் ரெசின் என்றால் மறுபடி சேர்க்க வேண்டாம். இரண்டு டப்பாவையும் ஒரே பையில் வைக்காதீர்கள், ஒரே அளவுகுவளையில் ஊற்றாதீர்கள்.

அலையில் அணியம் திரும்பி வள்ளம் குறுக்கே விழுகிறது

தென்கடலில் கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில், ஏறக்குறைய மே முதல் செப்டம்பர் வரை, இது வரும். வடகிழக்குக் காற்று அடிக்கும் வாடைக் காலத்தில் இதே தொல்லை வடகடலுக்கு மாறும். மண்டபம், பாம்பன் பக்கத்து ஆட்கள் பருவத்துக்குத் தக்கபடி வள்ளத்தை ஒரு கடலிலிருந்து மறு கடலுக்கு மாற்றுவது இதனால்தான்.

வள்ளம் குறுக்கே திரும்பக் காரணம், அணியம் மிதந்துவிட்டது, அமரம் இன்னும் தரையில் இருக்கிறது. அந்த நொடியில் பக்கவாட்டில் ஒரு அலை அடிக்கிறது. அமரம் அச்சாக நிற்க, அணியம் சுழல்கிறது. ஆகவே அமரம் தரையில் இருக்கும் நேரத்தைக் குறைப்பதே மருந்து. பாரத்தைக் கொஞ்சம் அணியப் பக்கம் நகர்த்துங்கள், எஞ்சினைத் தூக்கியே வையுங்கள், அலை கூட்டமாக வந்து ஓய்வதைப் பத்து நிமிடமாவது நின்று பார்த்துவிட்டு, பெரிய அலைகள் முடிந்த கையோடு தள்ளுங்கள். நேற்றே நங்கூரத்தை அலை மடியும் இடத்துக்கு அப்பால் போட்டு, கயிற்றைக் கரைவரை கொண்டுவந்திருந்தால் இன்னும் நல்லது. அணியத்தில் நிற்பவர் அந்தக் கயிற்றை இழுத்துக்கொண்டே போனால் அணியம் அலையைப் பார்த்தே நிற்கும்.

திரும்ப ஆரம்பித்துவிட்டால், வள்ளத்துக்கும் கரைக்கும் நடுவே நிற்பவர் உடனே விலக வேண்டும். தண்ணீர் நிரம்பிய வள்ளம் ஒரு டன்னுக்கு மேல் இருக்கும். அடுத்த அலை அதைத் தூக்கி அவர் காலின்மேல் வைக்கும். பிடிப்பதாக இருந்தால் கடல் பக்கம் நின்று அணியத்தைப் பிடியுங்கள். பிடிக்க முடியாவிட்டால் விட்டுவிடுங்கள், வள்ளத்தை நாளைக்கு ஒட்டிக்கொள்ளலாம்.

வலிக்க வலிக்க எஞ்சின் பற்றவில்லை

மூடியைத் திறக்கும் முன் வெளியே நான்கு இடம்: எஞ்சினை நிறுத்தும் சுவிட்சின் சிவப்புக் கிளிப் மாட்டியிருக்கிறதா, கியர் நடுவில் இருக்கிறதா, டேங்க் மூடியில் உள்ள காற்றுத் திருகு திறந்திருக்கிறதா, ரப்பர் கைப்பம்பு கல்போல் இறுகும்வரை அமுக்கினீர்களா. கைப்பம்பில் உள்ள அம்புக்குறி எஞ்சினைப் பார்த்திருக்க வேண்டும். ஹோஸ் மாற்றும்போது திருப்பி மாட்டுவது அடிக்கடி நடக்கும்.

மண்ணெண்ணெயில் ஓடும் எஞ்சினுக்கு இன்னொரு காரணம் முந்தைய நாளிலேயே இருக்கும். கரைக்கு வரும்போது பெட்ரோலுக்கு மாற்றாமல் நிறுத்தியிருந்தால் கார்புரேட்டர் முழுவதும் மண்ணெண்ணெய் தங்கியிருக்கும். குளிர்ந்த எஞ்சினில் அது பற்றாது. கார்புரேட்டரின் அடித் திருகைத் தளர்த்தி, வடித்து, பெட்ரோலை ஏற்றி வலியுங்கள். கரை தெரியும் தூரத்தில் பெட்ரோலுக்கு மாற்றிச் சில நிமிடம் ஓட்டி நிறுத்தும் பழக்கம் இருந்தால் காலையில் இந்த வேலையே வராது.

அடுத்தது பிளக். கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். நுனி பளபளவென்று ஈரமாக, பெட்ரோல் வாசனையோடு இருந்தால் எரிபொருள் அதிகம் ஏறிவிட்டது: சிவப்புக் கிளிப்பைக் கழற்றி, சோக்கை மூடாமல், பிளக் இல்லாமலே எட்டுப் பத்துத் தடவை வலித்து உள்ளிருப்பதை வெளியேற்றுங்கள், பிளக்கைத் துடைத்துக் காயவைத்து மாட்டுங்கள். நுனி உலர்ந்திருந்தால் எரிபொருளே வரவில்லை. ஹோஸையும் ஃபில்டரையும் பாருங்கள். நுனியில் முத்துமுத்தாகத் தண்ணீர் நின்றால் எரிபொருளில் தண்ணீர் கலந்திருக்கிறது. கண்ணாடிக் குப்பியில் கொஞ்சம் பிடித்து ஐந்து நிமிடம் அசையாமல் வைத்தால் தண்ணீர் அடியில் தனியாகப் பிரிந்து நிற்கும். அந்த டேங்கை முழுதாக வடித்துவிடுங்கள்.

டூ ஸ்ட்ரோக் எஞ்சினில் ஆயில் அளவும் இதே இடத்தில் சேரும். 50க்கு 1 என்று சொல்லும் எஞ்சினுக்கு 25 லிட்டருக்கு 500 மில்லி. "கூட இருந்தால் நல்லது" என்று இரட்டிப்பாக ஊற்றினால் பிளக் கரியால் மூடும். குறைத்தால் பிஸ்டன் பிடிக்கும்.

பற்றுகிறது, இரண்டு நிமிடத்தில் மூச்சுவிட்டு நிற்கிறது

கைப்பம்பைத் தொட்டால் போதும், விடை கையில் கிடைக்கும். சப்பையாக ஒட்டிக் கிடந்தால் டேங்க் பக்கம் அடைப்பு: காற்றுத் திருகு மூடியிருக்கிறது, அல்லது டேங்குக்குள் இருக்கும் சல்லடையில் அழுக்கு. எவ்வளவு அமுக்கியும் இறுகாமல் தொளதொளத்தால் ஹோஸ் இணைப்பில் காற்று இழுக்கிறது. அமுக்கிக்கொண்டே இருந்தால் ஓடுகிறது, விட்டால் நிற்கிறது என்றால் எஞ்சினின் எரிபொருள் பம்ப் சோர்ந்துவிட்டது. அன்று கரையை விட்டுத் தூரம் போகாதீர்கள்.

குளிர்நீர் பீச்சவில்லை

எஞ்சின் பற்றியதும் முதலில் பார்க்க வேண்டியது பின்னால் பீச்சும் அந்த மெல்லிய நீர்த்தாரை. கையை நீட்டினால் விசையோடு அடிக்க வேண்டும். வெதுவெதுப்பாக இருக்கலாம், சுடக் கூடாது. சொட்டினால் அல்லது ஆவி வந்தால் உடனே நிறுத்துங்கள்.

பெரும்பாலும் துளையின் வாயில் மணல். மெல்லிய கம்பியோ நைலான் நரம்போ விட்டுக் குத்தினால் வந்துவிடும். வராவிட்டால் எஞ்சினைத் தூக்கி, அடியில் தண்ணீர் உறிஞ்சும் சல்லடையைப் பாருங்கள்; வடகடலில் கடற்புல்லும், பார் உள்ள இடத்தில் கட்டக்கோரை என்ற கடற்பாசியும் சுற்றி அடைத்திருக்கும். இரண்டும் சுத்தம் என்றால் உள்ளே தண்ணீரை உறிஞ்சித் தள்ளும் இம்பெல்லரின் ரப்பர் இறக்கை தேய்ந்திருக்கிறது. மணல் கலந்த தண்ணீரில் ஓடும் எஞ்சினுக்கு வருடம் ஒருமுறை மாற்றிவிடுவது நல்லது. தண்ணீர் இல்லாமல் கரையில் "சும்மா ஒரு தடவை" பற்றவைத்துப் பார்ப்பது இம்பெல்லரைச் சில நொடியில் கருக்கிவிடும். சோதிக்க வேண்டும் என்றால் டிரம்மில் நல்ல தண்ணீர் நிரப்பி, சல்லடை மூழ்க வைத்து ஓட்டுங்கள். தொழில் முடிந்து வந்ததும் அதே டிரம்மில் பத்து நிமிடம் ஓட்டினால் உள்ளே உப்புப் படியாது.

எஞ்சின் இரைகிறது, வள்ளம் போகவில்லை

முதலில் நங்கூரத்தைப் போடுங்கள், பிறகு பாருங்கள். அலை மடியும் இடத்தில் காரணம் தேடிக்கொண்டிருக்க நேரம் கிடையாது.

எஞ்சினை நிறுத்தி, கிளிப்பைக் கழற்றி, தூக்குங்கள். விசிறியைக் கையால் சுற்றிப் பாருங்கள். கியரில் இருந்தும் தங்குதடையின்றிச் சுற்றினால் ஷியர் பின் உடைந்திருக்கிறது. கல்லில் தட்டினால் கியருக்குப் பதிலாகத் தான் உடைவதற்கென்றே வைத்த பின் அது. ஆணியைச் செருகி ஓட்டினால் அடுத்த தட்டில் கியர் போய்விடும். அதே அளவுள்ள பின் இரண்டும், பூட்டுப்பின் இரண்டும், ஒரு குறடும் வள்ளத்திலேயே இருக்கட்டும். ரப்பர் நடுவம் உள்ள விசிறி என்றால், மெதுவாகப் போகும்போது இழுத்து, வேகம் கொடுத்ததும் நழுவும். மெதுவாகவே கரை சேர்ந்து விசிறியை மாற்றுங்கள். வலைத்துண்டு, நரம்பு சுற்றியிருந்தால் எல்லாவற்றையும் வெட்டி எடுத்துவிட்டு, விசிறியையே கழற்றி அச்சின் ஆயில் சீலையும் பாருங்கள். நரம்பு சீலை அறுத்தால் கியர் ஆயில் பால்நிறமாக மாறும்.

எல்லாம் சரி, ஆனால் அலையில் அமரம் எழும்போதெல்லாம் எஞ்சின் கத்துகிறது என்றால் மாட்டிய உயரம் தவறு. விசிறிக்கு மேலே உள்ள தட்டு, வள்ளத்தின் அடிமட்டத்துக்குச் சமமாகவோ ஒரு அங்குலம் கீழாகவோ இருக்க வேண்டும்.

எதுவும் பலிக்கவில்லை, வள்ளம் நீரோட்டத்தில் அடித்துப் போகிறது

பாம்பன் வாய்க்காலை ஒட்டிய இடங்களில் இது மிக விரைவாக நடக்கும். இரண்டு கடலின் தண்ணீரும் அந்த இடுக்கு வழியாக ஓடுவதால் நீவாடு (நீரோட்டம்) வலுவாக இருக்கும், துடுப்பால் எதிர்த்துப் போக முடியாது. நங்கூரக் கயிற்றை ஆழத்தைப்போல் ஐந்து மடங்காவது விடுங்கள்: 4 மீட்டர் ஆழத்துக்கு 20 மீட்டர், காற்று இருந்தால் 30. கயிற்றைக் குறைத்து விட்டால் நங்கூரம் தரையைக் கொத்தாமல் இழுபடும். கயிற்றை அணியத்தில் கட்டுங்கள். அமரத்தில் கட்டினால் அலை பின்பலகையைத் தாண்டி உள்ளே வரும். எல்லோரும் உயிர்காப்புச் சட்டையைப் போட்டுக்கொண்டு, இருட்டும் முன்பே கடலோரக் காவல் படையின் 1554 அல்லது கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தின் 1093 எண்ணை அழையுங்கள். புறப்பட்ட ஊர், புறப்பட்ட நேரம், கண்ணுக்குத் தெரியும் தீவு அல்லது கலங்கரை விளக்கம், வள்ளத்தின் நிறமும் பதிவு எண்ணும், உள்ளே எத்தனை பேர் என்பதை இந்த வரிசையில் சொல்லுங்கள். ஜிபிஎஸ் இருந்தால் அதில் உள்ள எண்களை இரண்டு தடவை படித்துக் காட்டுங்கள்.